கூறியது கூறல்

மகள் என்று எழுதினேன். திரையில் மக்கள் என்று விழுந்தது. நான் கவனிக்கவில்லை.

எனக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்த மாஸ்டர் காலமானபோது ஒரு சிற்றிதழுக்கு எழுதிய இரண்டு பக்க அஞ்சலி அது. ‘அவருக்கு ஒரே மகள்’ என்ற வாக்கியம் ‘அவருக்கு ஒரே மக்கள்’ என்று அச்சேறிவிட்டது. இதழ் வந்த வாரம் அந்த மகளே தொலைபேசியில் அழைத்தார். கட்டுரையைப் பற்றி நெகிழ்ந்து பேசினார். வைக்கப்போகும் நேரத்தில், “அப்பா இருந்திருந்தா அந்த இடத்துல செவப்பு மையில ஒரு வட்டம் போட்டிருப்பாங்க சார்” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிழை எங்கே புகுந்தது என்று மறுநாள் தேடினேன். நான் தமிழ்99 முறையில் தட்டுகிறவன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசையமைப்பு அது. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ம, க, ள, புள்ளி என்று நான்கு தட்டில் ‘மகள்’ வரும். நடுவிலுள்ள க இரண்டு தரம் விழுந்துவிட்டால் அதுவே ‘மக்கள்’. இதே வழியில் ‘பாடு’ ‘பாட்டு’ ஆகும், ‘படு’ ‘பட்டு’ ஆகும். தேய்ந்துபோன என் விசைப்பலகையில் க விசை எப்போதாவது ஒரு தட்டை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் இந்தக் கோளாறு பெரும்பாலும் கண்ணை உறுத்தும் எழுத்துப்பிழையாக வெளிப்பட்டுவிடும். தமிழ்99இலோ இன்னொரு நல்ல சொல்லாக உருமாறி, பிழைதிருத்துபவர் கண்ணையும் தாண்டிப் போய்விடுகிறது.

திருச்சியில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் அப்போது வீட்டுக்கு வந்திருந்தான். இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்தான். “ஸ்விட்ச் போயிடுச்சு மாமா. ஒரு தடவ அடிச்சா ரெண்டு தடவ போகுது. இனிமே இதுல எழுதாதீங்க” என்று சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு விசைப்பலகையை எடுத்து மேசைமேல் வைத்தான். கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற கணினி விளையாட்டை ஆடுவதற்கென்றே மாதக்கணக்கில் காசு சேர்த்து அவன் வாங்கியது. “எனக்குப் பரீட்சை வருது. ஒரு மாசம் வச்சுக்கோங்க. எப்படி இருக்குன்னு நீங்க பாத்துச் சொல்லணும்” என்றான்.

அந்த ஒரு மாதத்தில் பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

*

கையில் எடுத்தால் கனக்கிறது. விசைகள் 61தான். எண் பலகை கிடையாது, அம்பு விசைகள் கிடையாது, மேல்வரிசை எஃப் விசைகளும் கிடையாது. குறைத்துச் செய்த காரணத்தை அவன் ஆடும்போது பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குறி வைப்பதற்கு அவன் மணிக்கட்டை மட்டும் அசைப்பதில்லை, முழங்கையோடு சேர்த்து முழுக்கையையும் வீசுகிறான். மவுஸ் ஓட இடம் வேண்டும். விசைப்பலகை ஒதுங்கி அந்த இடத்தை விட்டுத்தருகிறது. விசைமூடிகள் பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. சொரசொரப்பு விரலுக்கு இதமாக இருக்கிறது. என் பழைய பலகையின் ஏபிஎஸ் மூடிகள் எண்ணெய் பூசினாற்போல் எப்போதோ பளபளத்துப் போயிருந்தன.

இருவர் கையும் ஒரே பலகையில் வேறுவேறாக உட்காருகின்றன. கும்பகோணத்தில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் கற்ற என் இடக்கையின் சுண்டுவிரல், ஏ விசையின் மேல் இருக்கும். அவன் கை ஒரு விசை தள்ளி அமர்கிறது. ஏ-யில் மோதிரவிரல், டபிள்யூவுக்கும் எஸ்ஸுக்கும் நடுவிரல், டி-யில் ஆள்காட்டி விரல். சுண்டுவிரல் ஷிஃப்டுக்குப் போய்விடுகிறது. முன், இடம், பின், வலம் என்று ஆட்டக்காரனை நகர்த்துபவை இந்த நான்கு விசைகள். 1997இல் அமெரிக்காவில் நடந்த குவேக் போட்டியில் வென்று, அந்த விளையாட்டின் கர்த்தாக்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்றவர் டென்னிஸ் ஃபாங். த்ரெஷ் என்ற பெயரில் ஆடிய அவரைப் பார்த்தே இந்தக் கைவைப்பு பலருக்கும் வழக்கமானது.

அதே நான்கு விசைகள் தமிழ்99இல் ஈ, அ, இ, உ. கீழே வரிசையாக இருக்கும் மூன்றும் சுட்டெழுத்துகள். அது, இது, உது. சேய்மை, அண்மை, இரண்டுக்கும் இடைப்பட்டது. ஈழத்தமிழில் ‘உவன்’, ‘உந்த’ என்று உகரச் சுட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதிகம் புழங்கும் குறில்கள் விரல் ஓய்வெடுக்கும் வரிசையில் இருக்கட்டும் என்று அமைப்பாளர்கள் வைத்தது, தற்செயலாக இப்படிப் பொருந்திவிட்டது. ஆனாலும் அவன் இடமும் வலமும் ஓடும்போது அவன் விரலடியில் அந்த இடம், உந்த இடம் என்று தமிழ் சுட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய நிறைவைத் தந்தது.

*

நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைச் சொல்கிறது. மாணவனாக மனப்பாடம் செய்தபோது அவை எழுதுகிறவனுக்கு மட்டும் உரியவை என்று நினைத்திருந்தேன். விரலிலிருந்து சொல்லை வாங்கித் திரைக்குக் கொண்டுசேர்க்கும் கருவிக்கும் அவை பொருந்துகின்றன. அந்தப் பட்டியலையே உரைகல்லாக வைத்துக்கொண்டேன்.

முதல் குற்றம் குன்றக் கூறல். அதற்கு எதிர்முனையில் நிற்பது மிகைபடக் கூறல். விசைப்பலகையில் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. சாதாரணப் பலகையின் உள்ளே கம்பிகள் நெடுக்கும் குறுக்குமாக வலைபோல் ஓடுகின்றன; ஒவ்வொரு விசையும் அந்த வலையில் ஒரு சந்திப்பு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளை ஒருசேர அழுத்தினால் மின்சாரம் சுற்றி வந்து, தொடாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டிவிடும். தொடாததைச் சொல்வது மிகை. அந்த மிகைக்குப் பயந்து, மலிவான பலகைகள் இப்படிப்பட்ட மூன்றாவது விசையை அறிவிக்காமலே விட்டுவிடுகின்றன. தொட்டதைச் சொல்லாமல் விடுவது குன்றல். ஒரு விரலை எடுத்து மறுவிரலை வைத்து எழுதுகிறவனுக்கு இது ஒரு பொருட்டில்லை. பதுங்கியபடி முன்னும் பக்கவாட்டிலுமாக நகர்ந்து, அதே நொடியில் குதிக்கவும் வேண்டியவனுக்கு நான்கு விசை ஒருசேர வேண்டும். அவன் அழுத்தியும் போய்ச் சேராத ஒரு விசை, ஆட்டத்தில் ஓர் உயிர்.

ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைத்தால், மின்சாரம் வந்த வழியே திரும்பாது; இரண்டு குற்றமும் நீங்கும். அதன் பிறகும் ஒரு நெருக்கடி மிஞ்சும். யுஎஸ்பியின் அடிப்படை முறையில் விசைப்பலகை ஒரு தடவை அனுப்பும் செய்தி 8 பைட். ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒன்று, வெறுமையாக ஒன்று, மீதி ஆறில் ஆறு விசைகள். விளையாட்டுக்கென்று செய்பவர்கள் இந்த வரம்பையும் தாண்ட வழி கண்டிருக்கிறார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பலகைமேல் விரித்து அழுத்தினேன். சோதனைப் பக்கத்தில் அழுத்திய விசைகள் எல்லாமே ஒளிர்ந்தன. குன்றவில்லை, மிகவில்லை.

மூன்றாவது, கூறியது கூறல். என்னைத் தலைகுனிய வைத்த குற்றம். வழக்கமான மெக்கானிக்கல் ஸ்விட்சில் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும்போது உடனே ஒட்டி நிற்பதில்லை. தரையில் விழுந்த பந்துபோல் சில மில்லிநொடிகள் துள்ளி அடங்குகின்றன. அந்தத் துள்ளலைப் புதுத் தட்டாக எண்ணாமல் பலகை சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். தகடு தேய்ந்து துள்ளல் நீண்டுவிட்டால் பொறுமையின் கணக்கு தப்பிவிடும். மகள் மக்களானது அப்படித்தான்.

*

அவன் பலகையில் தொட்டுக்கொள்ளும் தகடே இல்லை. ஒவ்வொரு விசைத்தண்டிலும் ஒரு சிறு காந்தம். கீழே ஓர் உணரி. காந்தம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை உணரி அளந்துகொண்டே இருக்கிறது. 1879இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் ஹால், மெல்லிய தங்க ரேக்கில் மின்சாரம் செலுத்திக் காந்தப்புலத்தில் வைத்தபோது, குறுக்குவாட்டில் ஒரு மின்னழுத்தம் பிறப்பதைக் கண்டார். அவர் பெயராலேயே அது ஹால் விளைவு எனப்படுகிறது. 1960களின் இறுதியிலேயே ஹனிவெல் நிறுவனத்தின் ஒரு பிரிவு இதைக் கொண்டு விசைப்பலகை செய்தது. அண்மையில் நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் அதை விளையாட்டுக்காரர்களிடையே பரப்பியது.

இந்த விசையை முதல்முறை மெல்ல அழுத்தியபோது எனக்கு இன்ஸ்டிட்யூட் நினைவுக்கு வந்தது. அங்கே ஹால்டா, ரெமிங்டன், ஃபேசிட் என்று வரிசையாக இயந்திரங்கள். அரைமனதாகத் தட்டினால் எழுத்தும் அரையாகத்தான் பதியும். மாஸ்டர் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மங்கிய எழுத்தைக் காட்டி, “இந்த விரல் இன்னும் தூங்குது” என்பார். கணினியில் அந்தத் தாரதம்மியம் போய்விட்டது. அழுத்தினாய், அழுத்தவில்லை என்ற இரண்டே விடைதான். விரலின் ஆழத்தை அறியும் கருவி, இந்தக் காந்தத்தின் வழியாகத்தான் என் கைக்குத் திரும்பி வந்தது.

ஆழம் தெரிவதால், எந்த ஆழத்தில் எழுத்து விழவேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். பரவலாகப் புழங்கும் செர்ரி நிறுவனத்தின் சிவப்பு ஸ்விட்சில் இது மாறாதது. 45 கிராம் அளவு பலத்தோடு அழுத்தினால், 4 மில்லிமீட்டர் பயணத்தில் 2 மில்லிமீட்டரில் எழுத்து விழும். மேலே வரும்போதும் குறிப்பிட்ட இடத்தைக் கடந்தால்தான் அடுத்த தட்டுக்குத் தயாராகும். இந்தப் பலகையிலோ 0.1 மில்லிமீட்டர் வரை குறைக்கலாம். ரேப்பிட் ட்ரிகர் என்ற வசதியைத் திறந்துவிட்டால், விரல் எந்த ஆழத்தில் இருந்தாலும் மேலே கிளம்பியதும் விட்டதாக எண்ணிக்கொள்ளும், மறுபடி இறங்கியதும் அழுத்தியதாக எண்ணிக்கொள்ளும். ஆடுகிறவனின் விரல் நினைத்த கணத்தில் ஆட்டக்காரன் நிற்கிறான்.

அவன் வைத்திருந்த 0.1 அளவிலேயே முதலில் எழுதிப் பார்த்தேன். வைத்த விரலின் பாரமே எழுத்தாயிற்று. யோசிப்பதற்காகக் கையை ஓய்வாக விட்டால் அ, இ, உ என்று சுட்டெழுத்துகள் ஓடின. அஞ்சலியின் அந்த வாக்கியத்தைத் தட்டினேன்.

மக்கள்.

சற்று நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்வதற்குத் தகடே இல்லாத பலகை இது. விசையைச் சோதித்தேன், பழுதில்லை. பிறகு விரலைப் பார்த்தேன். அது மெல்லிய அளவில் நடுங்குகிறது. அறுபதை நெருங்கும் கையின் நடுக்கம்; கண்ணுக்குச் சட்டெனத் தெரியாதது. விரல் இறங்கியது, ஒரு மயிரிழை எழுந்தது, மறுபடி இறங்கியது. பலகை அதை அப்படியே சொல்லியிருக்கிறது. பழைய பலகை இல்லாததைச் சொல்லி ‘மக்கள்’ என்று எழுதியது. இது உள்ளதைச் சொல்லி ‘மக்கள்’ என்று எழுதியது.

ஒரு கருவியை மதிப்பிடுவது எவ்வளவு நுட்பமான வேலை என்று அப்போது உறைத்தது. நுண்மையை நேர்மை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. விரலின் எல்லா அசைவையும் சொல்லிவிடுகிற கருவி நான் சொல்ல வந்ததைச் சொன்னதாகாது. அசைவுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு தூரம் வேண்டும். எந்த ஆழம்வரை போனால் அது என் சொல் என்று நான் ஒப்புக்கொள்கிறேனோ, அந்த ஆழம். ஆடும்போது அவனுக்கு அது 0.1. எழுதும்போது எனக்கு 2 மில்லிமீட்டர். தயங்குவதற்கும் திரும்பிவிடுவதற்கும் அந்த இரண்டு மில்லிமீட்டரில் இடமிருக்கிறது. ரேப்பிட் ட்ரிகரை மூடி, ஆழத்தைக் கூட்டிவைத்த பிறகு மகள் மகளாகவே வந்தாள்.

*

விளம்பரங்கள் முதலில் சொல்வது வேகத்தை. பழைய முறையில் கணினி நொடிக்கு 125 முறை விசைப்பலகையை விசாரிக்கும், அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. விளையாட்டுப் பலகைகளில் அது 1000 ஆயிற்று. இப்போது 8000 வரை வந்திருக்கிறார்கள். 125இலிருந்து 1000க்கு வரும்போது சராசரிக் காத்திருப்பு 4 மில்லிநொடியிலிருந்து அரை மில்லிநொடியாகக் குறைகிறது. அது மதிக்கத்தக்க லாபம். 1000இலிருந்து 8000க்குப் போனால் மிச்சமாவது அரை மில்லிநொடிக்கும் குறைவு. கண்ணில் பட்டதற்கு விரல் பதில் சொல்ல மனிதனுக்கு ஏறக்குறைய 200 மில்லிநொடி ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தபோது, அவனிடம் சொல்லாமல் 1000க்கும் 8000க்கும் மாற்றி மாற்றி வைத்து ஆடச்சொன்னேன். அவன் சரியாகச் சொன்னதும் தவறிச் சொன்னதும் ஏறக்குறைய சமமாக இருந்தன. “தெரியல மாமா” என்று நேர்மையாக ஒப்புக்கொண்டான். அந்த நேர்மைக்காக அவனை இன்னும் பிடித்துப்போயிற்று.

எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது வேறொன்றில்.

கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். நின்று சுட வேண்டும். இடப்பக்கம் ஓடுகிறவன் ஏ-யை விட்டால் மட்டும் போதாது. உடல் சற்றுச் சறுக்கித்தான் நிற்கும். ஏ-யை விட்டுவிட்டு எதிர்த்திசை டி-யை ஒரு கணம் தொட்டால் சட்டென நிற்கும். விடுவதும் தொடுவதும் கச்சிதமாக அடுத்தடுத்து நிகழ வேண்டும். இடைவெளி விழுந்தாலும் கெட்டது, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் கெட்டது. இதைப் பழக வருடங்கள் ஆகும். 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் ஸ்னாப் டாப் என்ற வசதியைத் தன் பலகையில் கொண்டுவந்தது. இரண்டு எதிர்விசைகளும் அழுந்தியிருந்தால் கடைசியாக அழுத்தியதே செல்லும். முதலாவதைப் பலகையே விட்டுவிட்டதாக அறிவிக்கும். விரலை எடுக்கவே வேண்டாம். வூட்டிங் உள்ளிட்ட மற்றவர்களும் தங்கள் பெயரில் அதையே கொடுத்தார்கள். அடுத்த மாதமே, கவுன்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனம், இப்படிக் கருவி செய்துதரும் நிறுத்தத்தைத் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் ஏற்பதில்லை என்றும், கண்டுபிடித்தால் ஆட்டத்திலிருந்து நீக்குவோம் என்றும் அறிவித்தது.

மருமகன் பலகையிலும் அந்த வசதி இருந்தது. “ஆஃப்லைன்ல ஆடும்போது நான்தானே மாமா ஆன் பண்றேன்? நீங்க ரெண்டு மில்லிமீட்டர்னு வச்ச மாதிரிதானே இதுவும்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. உடனே எனக்குப் பதில் வரவில்லை.

வள்ளுவரின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர் தூதரை இருவகையாகப் பிரிக்கிறார். சென்ற இடத்தில் நிலைமை அறிந்து தானே வகுத்துக் கூறுகிறவன் ஒருவன். அரசன் கூறியதை மட்டும் கூறுகிறவன் மற்றொருவன். மனிதர்களுக்குள் முதல்வனே மேலானவன். அவனுக்கு அறிவு வேண்டும், நூலறிவு வேண்டும், சமயம் அறிந்து பேசும் நயம் வேண்டும். எத்தனையோ வேலைகளில் கருவியும் அப்படி இருப்பதை நான் வரவேற்பேன். என் புள்ளியைத் தானே வைக்கிற தமிழ்99கூட ஒரு வகையில் வகுத்துக் கூறும் தூதுதான். ஆனால் இருவர் திறன் மோதும் களத்தில் நிலைமை வேறு. அங்கே அளக்கப்படுவதே அந்த விரலின் திறன். அங்கே கருவி கூறியது கூற வேண்டும்.

அவனிடம் இப்படிச் சொன்னேன். “எந்த ஆழத்துல என்னைக் கேட்கணும்னு நான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கேட்டதுக்கு அப்புறம் அது சொல்றது நான் செஞ்சதைத்தான். ரேப்பிட் ட்ரிகரும் அப்படித்தான், உன் விரலைக் கூடுதல் கவனமா கேட்குது. ஆனா ஸ்னாப் டாப்ல உன் விரல் ஏ-மேலேயே இருக்கு. எடுத்துட்டான்னு அது சொல்லுது. நீ செய்யாத ஒன்ன நீ செஞ்சதா சொல்லுது.” அவன் பதில் சொல்லவில்லை. பலகையை வாங்கி, திரையில் எதையோ திறந்து, ஒரு குறியை எடுத்துவிட்டான்.

கூறியது கூறல் நூலுக்குக் குற்றம். தூதுக்கு ஓர் இலக்கணம். ஒரே தொடர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நிற்பதைச் சின்ன வயதில் வெறும் பாடமாகக் கடந்துவிட்டேன். விரல்நுனியில் அதன் பொருள் விளங்க ஒரு பிழை தேவைப்பட்டிருக்கிறது.

*

மாதம் முடிந்து அவன் பலகையை எடுத்துப்போக வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டான். நல்ல பலகை என்றேன். சொன்னதைச் சொல்கிறது, எவ்வளவு கேட்கவேண்டும் என்பதை என்னிடமே விடுகிறது, மற்றபடி அதிலுள்ள வண்ண விளக்குகளையும் 8000த்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றேன். இதழுக்கு அனுப்பவேண்டிய திருத்தக் குறிப்பை அதில்தான் தட்டி முடித்திருந்தேன். மாஸ்டரின் மகளுக்கும் ஒரு தாள் அச்செடுத்துத் தபாலில் சேர்த்தாயிற்று.

கிளம்புமுன் என் மேசையிலேயே ஓர் ஆட்டம் ஆடினான். நான் திரையைப் பார்க்கவில்லை, அவன் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோதிரவிரல் எழுந்தது, ஆள்காட்டி விரல் இறங்கியது. மறுபடி ஆள்காட்டி எழுந்தது, மோதிரவிரல் இறங்கியது. சில தடவை தவறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பழகினான்.

இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு முதல் வாரம் முழுக்க ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப் மட்டும்தான். ஒரு விரலை எடுப்பதற்குள் அடுத்ததை வைத்துவிட்டால் இரண்டு எழுத்துக்கம்பிகளும் மேலே போய்ச் சிக்கிக்கொள்ளும். கையால் பிரித்துவிட வேண்டும், விரலெல்லாம் மை. மாஸ்டர் பின்னால் வந்து நின்று ஒன்றே ஒன்று சொல்வார்: “முதல்ல எடு. அப்புறம் வை.”